கவிதையைக் கைமாற்றுவது எப்படி: எல்லைப்புற வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

"யாரை வாசிக்கலாம்?" என்று கேட்பவரிடம் பத்துக் கவிஞர்களின் பெயர்களைச் சொல்லி அனுப்புவது எளிது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூடத் தேடிப் போகவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் கவனித்தேன். தமிழ்நாடு, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு ஒருபுறம் பாறசாலை, மறுபுறம் குழித்துறை என்று இரண்டு மாநிலங்களின் வாசகர்களும் வந்து சேரும் ஒரு சிறிய வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கவிதை வாசிக்கிறோம். அங்கே பெற்ற அனுபவத்திலிருந்து, பிறருக்குக் கவிதையைப் பரிந்துரைக்கத் தொடங்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லாதீர்கள், ஒரு கவிதையைக் கையில் கொடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. அதை எப்படிச் செய்வது என்பதில்தான் இத்தனை படிகளும் இருக்கின்றன.

முதலில் கேட்பவரின் காதை அறியுங்கள்

நாவலைப் பரிந்துரைக்கும்போது ஒருவருக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று விசாரிக்கிறோம். கவிதைக்கு அந்த விசாரிப்பு போதாது. அவருடைய காதில் ஏற்கெனவே என்ன ஒலி தங்கியிருக்கிறது என்பதை அறிய வேண்டும். நான் எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறேன்: "உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஏதாவது உண்டா?" இல்லை என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. ஒருவர் சபையில் சிறுவயது முதல் பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையைச் சொல்வார். ஒருவர் தக்கலையில் ஆண்டுதோறும் ஊர்கூடிப் பாடும் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியில் சில கண்ணிகளைச் சொல்வார். இன்னொருவர் "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு" என்று தொடங்கிவிட்டு, இது கவிதையாகுமா என்று தயங்குவார். அது கவிதைதான். அதை எழுதிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள தேரூரில் 1876-இல் பிறந்தவர் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். தமக்குத் தெரிந்த பாட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உரியவர் என்று அறிவது, கவிதைக்கும் தமக்கும் இடையிலிருந்த தொலைவைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் இரண்டாவது கேள்வி ஒன்றும் தவிர்க்க முடியாதது: எந்த எழுத்தில் வாசிப்பீர்கள்? 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது கோடு விழுந்தது நிலத்தில்தான், வீடுகளுக்குள் விழவில்லை. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. வீட்டில் மலையாளம் பேசித் தமிழில் படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் ஒரு பெண் முதல் நாளே என்னிடம், "அண்ணாச்சி, தமிழ் கேட்டா எனக்கு நல்லா மனசிலாவும், வாசிக்கத்தான் வராது" என்றார். இப்படிப்பட்டவரிடம் ஒரு தமிழ்த் தொகுப்பை நீட்டினால் அவருடைய கூச்சத்தைத்தான் கூட்டுவோம். சுந்தர ராமசாமியே சிறுவயதைக் கோட்டயத்தில் கழித்து, பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பதை இத்தகையவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன். தாமதம் ஒரு குறையல்ல என்று அவர்களுக்குப் புரியவைக்க இதைவிடப் பொருத்தமான செய்தி எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு கவிதையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கவிதைக்கு மூன்று இயல்புகள் வேண்டும் என்று கருதுகிறேன். அது ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். அடிக்குறிப்பு இல்லாமல் விளங்க வேண்டும். விளங்கிய பிறகும் அதில் ஏதோ ஒன்று மிச்சமிருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது, ஏனெனில் விளங்கியதும் தீர்ந்துபோகும் வரிகள் இரண்டாவது கவிதையைத் தேட வைப்பதில்லை.

நகுலனின் ராமச்சந்திரன் கவிதையை நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். ராமச்சந்திரனா என்று ஒருவர் கேட்கிறார். ராமச்சந்திரன் என்று பதில் வருகிறது. எந்த ராமச்சந்திரன் என்று இவர் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அவ்வளவுதான் கவிதை. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கூட ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருப்பார், அல்லது "இதென்ன?" என்று கோபப்படுவார். இரண்டும் நல்ல தொடக்கங்களே. எழுதியவர் திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் என்பதை அதன் பிறகு சொன்னால் போதும். கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பை முதலில் சொல்வது கவிதைக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிடுவது போலாகிவிடுகிறது.

பழந்தமிழிலிருந்து ஒன்று வேண்டுமென்றால் குறுந்தொகையின் நாற்பதாம் பாடல்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

இந்தப் பாடல் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம்; புதிதாக வருபவருக்கு அது தெரிந்ததல்ல. விளவங்கோட்டு ரப்பர்த் தோட்டங்களின் செம்மண் பாதையில் இடவப்பாதி மழையை, அதாவது தென்மேற்குப் பருவமழையைப் பார்த்தவருக்குச் செம்புலப் பெயல்நீரை விளக்க வேண்டிய தேவையே இல்லை. மண்ணையும் நீரையும் இனிப் பிரிக்க முடியாது என்பதைத் தம் கால்களால் அறிந்தவர் அவர். 'ஞாய்' என்ற சொல் சென்னையில் வளர்ந்தவருக்கு விசித்திரமாக ஒலிக்கலாம்; ஞான், ஞங்ஙள் என்று நாள் முழுவதும் பேசும் வாய்க்கு ஞகர முதலில் எந்த உறுத்தலும் இல்லை. பொருள் சொல்லும்போது 'ஞாய் என்றால் உன் தாய், நுந்தை என்றால் உன் தந்தை' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறிஞ்சித் திணை, தலைவன் கூற்று முதலியவை பின்னால் வரட்டும்.

முதல் கவிதையாக எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்துத் தமிழர் என்றால் பதிற்றுப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஆர்வலர்கள் உண்டு. சேர மன்னர்களைப் பாடிய நூல் என்ற காரணம் சரியே. ஆனால் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காமல், எஞ்சிய எட்டுப் பத்துகளும் இறுகிய நடையில் நிற்கும் அந்த நூல், பயின்றவர்களுக்கே உரை இல்லாமல் வழிவிடாது. பெருமைக்காகக் கொடுக்கப்படும் நூலை யாரும் வாசிப்பதில்லை, அலமாரியில் வைக்கிறார்கள். சேரநாட்டுத் தொடர்பு வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் "வடவரையை மத்தாக்கி வாசுகியை நாணாக்கி" என்று தொடங்கும் பாட்டை உரக்கச் சொல்லிக் காட்டுங்கள். குழித்துறை, திருவட்டாறு வட்டாரத்தவராக இருந்தால் நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் பத்தாம் பத்தின் ஆறாம் பதிகத்தைக் கொடுங்கள். அது முழுவதும் திருவட்டாற்றுப் பெருமாளைப் பாடுவது. தினமும் பேருந்தில் கடந்துபோகும் ஊர் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கவிதைக்குள் இருப்பதைக் கண்டவர் அதை எளிதில் கீழே வைப்பதில்லை.

கண்ணுக்கு முன்னால் காதுக்குக் கொடுங்கள்

மலையாளக் கவிதையைக் கேட்டு வளர்ந்தவருக்குக் கவிதை என்றால் சொல்லப்படுவது, பெரும்பாலும் ஈணத்தோடு (இசைமெட்டோடு) சொல்லப்படுவது. ஒருவர் சொன்ன சுலோகத்தின் எழுத்திலிருந்து அடுத்தவர் தொடங்கும் அட்சரசுலோகச் சபைகளும், சங்ஙம்புழையின் 'ரமணன்' காவியத்தை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறையும், மேடையில் நின்று முழங்கிய கடம்மனிட்ட ராமகிருஷ்ணனும் அங்கே கவிதையைக் காதின் பொருளாகவே வைத்திருந்தார்கள். அந்தக் காதோடு வருபவரிடம் ஓசையைக் களைந்த தமிழ்ப் புதுக்கவிதை ஒன்றை நேரடியாகக் கொடுத்தால், இதில் கவிதை எங்கே என்று அவர் கேட்பது நியாயமானது. அவரைச் சுற்றுவழியில் அழைத்துப் போக வேண்டும். பாரதியின் குயில் பாட்டும் பாரதிதாசனின் அழகின் சிரிப்பும் கவிமணியின் மலரும் மாலையும் தொகுப்பும் சந்தத்தால் பிடித்துக்கொள்பவை. அங்கிருந்து ஞானக்கூத்தனுக்குப் பாலம் இருக்கிறது. 1973-இல் வெளியான அவருடைய 'அன்று வேறு கிழமை' புதுக்கவிதையின் பார்வையை மரபின் ஓசைக்குள் வைத்துக் காட்டிய தொகுப்பு. சந்தத்தில் பழகிய காது முதலில் அந்த ஓசையை நம்பி உள்ளே போகிறது. போன பிறகுதான் அங்கே பேசப்படுவது முற்றிலும் வேறு என்பதை உணர்கிறது. அந்தத் தொகுப்பைக் கடந்தவர்களுக்கு ஆத்மாநாமோ நகுலனோ அந்நியமாகத் தோன்றுவதில்லை.

தமிழ் எழுத்து தெரியாதவருக்குக் கவிதையை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுப்பது நாங்கள் கண்டுகொண்ட வழி. இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, எழுத்துப்பெயர்ப்பே போதும். ழ, ள, ற ஆகிய மூன்றும் மலையாளத்தில் இருப்பதால் வேறு எந்த எழுத்துமுறையையும்விட இது தமிழுக்கு நன்றாகப் பொருந்துகிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு அங்கே நந்நான்கு எழுத்துகள் இருப்பதால் எதை எழுதுவது என்ற குழப்பம் வரும். நான் எல்லா இடத்திலும் அந்தந்த வரிசையின் முதல் எழுத்தையே எழுதுகிறேன். சொல்லின் நடுவே வரும்போது ஒலி மென்மையாவதை வாசிப்பவரின் நாக்கே பார்த்துக்கொள்கிறது, ஏனெனில் மகன், மகள் என்ற தம் சொந்தச் சொற்களையும் அவர் அப்படித்தான் வாசிக்கிறார். 'அது', 'காற்று' போன்ற சொற்களின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரத்துக்கு மலையாளத்தில் எழுத்தின் மேல் இடும் பிறைக்குறியான சந்திரக்கலை சரியாக அமைகிறது. ஒரு கவிதையை இப்படி எழுத அரைமணி நேரமாகலாம். அந்த அரைமணி நேரத்தில் அந்தக் கவிதையின் ஒவ்வொரு ஒலியையும் நீங்களும் புதிதாகக் கேட்பீர்கள்.

கைபேசியில் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல நேரங்களில் வரிமுறிவுகள் குலைந்து, கவிதை ஒரு பத்தியாக மாறிவிடுகிறது. புதுக்கவிதையில் வரி எங்கே நிற்கிறது என்பது பொருளின் பாதி. அனுப்புவதற்கு முன் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அல்லது அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கவிஞரின் பெயரையும் தொகுப்பின் பெயரையும் எழுதாமல் ஒரு கவிதையையும் அனுப்பாதீர்கள். பெயரில்லாமல் சுற்றும் கவிதை சில மாதங்களில் வேறொருவர் பெயரில் உங்களிடமே திரும்பி வரும். அது கவிஞருக்குச் செய்யும் அநியாயம் என்பதோடு, தேடிப் போக விரும்பும் வாசகருக்கு வழியையும் அடைத்துவிடுகிறது.

கவிதையிலிருந்து தொகுப்புக்கு

ஒரு கவிதை பிடித்துப்போய், "இவருடையது இன்னும் இருக்கிறதா?" என்று அவர் கேட்டால் மட்டுமே புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள். அவர் கேட்கவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து வேறொரு கவிஞரின் கவிதையைக் கொடுங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஒரு கவிதையில் மனம் பறிகொடுத்த இளம் ஆசிரியை ஒருவருக்கு, அந்தக் கவிஞரின் முழுத் தொகுப்பையே கொடுத்தேன். அறுநூறு பக்கம் இருக்கும். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பதினோராம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. அவர் அதன் பிறகு சில மாதங்கள் எங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. வாசித்து முடிக்க முடியாமல் போனது தம் குறை என்று அவர் எண்ணியிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, குறை என்னுடையது. முழுத் தொகுப்பு என்பது ஒரு கவிஞரை ஏற்கெனவே நேசிப்பவர் வைத்துக்கொள்ள வேண்டிய நூல். அதில் முதிராத காலத்துக் கவிதைகளும் சேர்ந்தே இருக்கும், அவையும் பெரும்பாலும் முதலில் இருக்கும். புதியவருக்கு எண்பது பக்கம், நூறு பக்கம் கொண்ட தனித்தொகுப்பே ஏற்றது. அது கிடைக்காமல் முழுத் தொகுப்பையே கொடுக்க நேர்ந்தால், பத்துக் கவிதைகளின் பக்க எண்களை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள். மற்றவற்றை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பலர் சேர்ந்த தொகைநூல்களைப் பற்றி எனக்கு இருவேறு எண்ணங்கள் உண்டு. சி.சு. செல்லப்பா 1962-இல் தம் 'எழுத்து' இதழின் கவிஞர்களைத் திரட்டிக் கொண்டுவந்த 'புதுக்குரல்கள்' வரலாற்றுச் சிறப்புடையது என்றாலும், புதுக்கவிதை எப்படித் தொடங்கியது என்று அறிய விரும்புகிறவருக்கே அதைக் கொடுப்பேன். நகுலன் 1968-இல் தொகுத்த 'குருக்ஷேத்திரம்' திருவனந்தபுரத்திலிருந்து தமிழுக்குக் கிடைத்த தொகைநூல். புதியவர் ஒருவர் தமக்கு உகந்த குரலைத் தேடிப் புரட்டிப் பார்ப்பதற்கு, நம் மாவட்டத்துக் கவிஞரும் விமர்சகருமான ராஜமார்த்தாண்டன் தொகுத்த 'கொங்குதேர் வாழ்க்கை' இரண்டாம் பகுதி மிகவும் உதவும். அதையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லாதீர்கள். எங்கேயாவது திறந்து, பிடித்த மூன்று கவிஞர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அடுத்த பரிந்துரையை அந்த மூன்று பெயர்களே முடிவு செய்துவிடும்.

பரிந்துரைக்கும்போது என்ன சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 'அற்புதமான கவிஞர்', 'கட்டாயம் வாசிக்க வேண்டியவர்' போன்ற சொற்கள் வாசகரை அச்சுறுத்துகின்றன; பிடிக்காமல் போனால் தம் ரசனையில்தான் பிழை என்று அவர் நினைப்பார். அதற்குப் பதிலாக, இந்தத் தொகுப்பை நான் எப்போது வாசித்தேன், எதற்காக மறுபடி எடுத்தேன், இதில் எது கடினம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பிரமிளைக் கொடுக்கும்போது, சில கவிதைகளில் படிமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், முதல் வாசிப்பில் பிடிபடாது, சிறிய கவிதைகளிலிருந்து தொடங்குங்கள் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடினத்தை மறைத்து வைத்துக் கொடுக்கப்பட்ட நூலை வாசகர் மன்னிப்பதில்லை.

இந்த மண்ணின் கவிஞர்கள்

பக்கத்து ஊர்க் கவிஞர் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பரிந்துரைக்கக் கூடாது. ஆயினும் எங்கள் பக்கத்தில் அந்தக் கவலைக்கே இடமில்லாத அளவுக்கு வளம் இருக்கிறது.

கவிமணியின் நூல்களில் எல்லைப்புற வாசகருக்கு நான் முதலிடம் கொடுப்பது 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய'த்துக்கு. சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் முறையால் ஒரு குடும்பம் படும் பாட்டை, அந்த வீட்டுப் பெண்ணின் வாயாலேயே எள்ளலும் கண்ணீருமாகச் சொல்லும் நெடும்பாட்டு அது. மருமக்கத்தாயம் என்ற சொல்லைப் பாட்டி வாயிலாகக் கேட்டிருக்கும் மலையாள வாசகருக்கும், மருமக்கள்வழி என்று கேட்டிருக்கும் நாஞ்சில் நாட்டவருக்கும் அது ஒரே நேரத்தில் திறக்கிறது. அதை வீட்டிலுள்ள வயதானவர்களுக்கு அருகில் உட்கார்ந்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உரையாசிரியர் சொல்லாத விளக்கங்கள் அவர்களிடமிருந்து வரும். 'ஆசிய ஜோதி' புத்தர் வரலாற்றை எளிய ஓசையில் சொல்வதால் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது.

பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதிய கவிதைகளை அவருடைய நாவல்களை வாசித்தவருக்குக் கொடுங்கள். 'நடுநிசி நாய்கள்' 1975-இல் வந்த தொகுப்பு. நகுலனின் 'கோட் ஸ்டாண்ட் கவிதைகள்' தனிமையில் இருப்பவருக்கு நெருக்கமாக இருக்கும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த சண்முக சுப்பையாவின் கவிதைகள் வீட்டுப் பேச்சைப் போல எளிய சொற்களால் ஆனவை. தமிழ் வாசிக்கப் பழகிக்கொண்டிருப்பவருக்கு அவற்றைவிடத் தகுந்தவை அரிது.

என்.டி. ராஜ்குமாரின் 'தெறி', 'ஒடக்கு' ஆகிய தொகுப்புகளை எவருக்குக் கொடுத்தாலும் முதலில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மாந்திரீகப் பாடல்களின் வேகமும், மலையாளம் ஊடாடும் நம் வட்டார மொழியும், ஒடுக்கப்பட்டவர்களின் தெய்வங்களும் சேர்ந்த அந்தக் கவிதைகள் மௌன வாசிப்பில் பாதி உயிரோடுதான் இருக்கும். தஞ்சையிலோ மதுரையிலோ இருப்பவர் அகராதி தேட வேண்டிய சொற்கள் நம் வாசகருக்குச் சந்தையில் கேட்கும் சொற்கள். இந்த ஓர் இடத்தில் எல்லைப்புறத்து வாசகருக்கு மற்றவர்களுக்கு இல்லாத உரிமை இருக்கிறது. தக்கலையைச் சேர்ந்த ஹெச்.ஜி. ரசூலின் 'மைலாஞ்சி' இஸ்லாமியப் பெண்களின் வாழ்வை உள்ளிருந்து கேள்வி கேட்கும் தொகுப்பு. அதைக் கொடுக்கும்போது வாசகரின் நம்பிக்கையை மதித்து, இது கேள்விகளின் புத்தகம் என்று முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

வடக்கே பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிற்பியின் 'ஒரு கிராமத்து நதி'யைச் சொல்லலாம். ஆத்துப்பொள்ளாச்சியைப் பற்றிய அந்தத் தொகுப்பு 2002-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆழியாற்றின் நீர் எல்லை கடந்து தம் பக்கம் வருவதை அறிந்தவர்கள் அவர்கள்.

இரு மொழிகளுக்கும் இடையில்

கணவனும் மனைவியும் இரு மொழிக்காரர்களாக உள்ள வீடுகள் இங்கே பல. அவற்றில் ஒருவர் மட்டும் கவிதை வாசித்தால் அந்த வாசிப்பு நாளடைவில் தனித்துப்போகும். தமிழ் வாசிப்பவரிடம் ஒரு தொகுப்பைக் கொடுக்கும்போதே, மலையாளம் வாசிப்பவருக்கு ஆற்றூர் ரவிவர்மாவின் 'புதுநானூறு' பற்றிச் சொல்லுங்கள். தமிழ்ப் புதுக்கவிதைகளை அவரே தேர்ந்து மலையாளத்தில் பெயர்த்த நூல் அது. தாமே பெருங்கவிஞராக இருந்த ஒருவர் அண்டை மொழிக்குச் செய்த இந்தப் பணியை நாம் போதிய நன்றியோடு நினைப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் மலையாளத்தில் தந்த எஸ். ரமேசன் நாயர், திரைப்பாடலாசிரியராகவே பலருக்கும் தெரிந்தவர். குமரி மாவட்டத்துக் குமாரபுரத்தில் பிறந்தவர். குறளை ஒருவர் தமிழில் சொல்ல, மற்றவர் மலையாளத்தில் சொல்ல, ஓர் அதிகாரத்தை முடிக்கப் பத்து நிமிடம் போதும்.

எதிர்த்திசையிலும் பரிந்துரை நடக்க வேண்டும். சச்சிதானந்தனோ பாலசந்திரன் சுள்ளிக்காடோ தமிழில் கிடைத்தால், மூலத்தை வாசித்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். மொழிபெயர்ப்பில் எது விட்டுப்போயிற்று என்று அவர் சொல்லும்போது, மொழிபெயர்ப்பாளர் எதைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதையும் நீங்கள் கண்டுகொள்வீர்கள். சுகுமாரன் தம் 'கோடைகாலக் குறிப்புகள்' வழியாகத் தமிழ்க் கவிதைக்கு ஒரு குரலைத் தந்ததோடு, மலையாளத்திலிருந்து தொடர்ந்து மொழிபெயர்த்தும் வருபவர். இரு திசைகளிலும் பயணம் செய்ய விரும்புகிறவர் அவரிடமிருந்து தொடங்கலாம்.

வலிக்கும் கவிதைகள்

ஈழத்துப் பெண்கவிஞர்களின் 'சொல்லாத சேதிகள்' 1986-இல் வந்தது. போரின் நடுவிலிருந்து எழுந்த 'மரணத்துள் வாழ்வோம்' அதற்கு முந்தைய ஆண்டு வந்தது. சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', சுகிர்தராணியின் 'இரவு மிருகம்' ஆகியவை வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் உடல்மீது நடப்பவற்றை மறைக்காமல் பேசுபவை. இவற்றை யாருக்கும் கொடுக்கத் தயங்கக் கூடாது. ஆனால் யாருக்கு எப்போது கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும். அண்மையில் இழப்பைச் சந்தித்தவரிடம் துயரக் கவிதை ஆறுதலாகும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது. புத்தகத்தை மேசையில் வைத்து, இதில் இன்னது இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எடுப்பதையும் விடுவதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். பொதுக் கூட்டத்தில் இத்தகைய கவிதையை எவரையும் கட்டாயப்படுத்தி வாசிக்க வைக்காதீர்கள்.

புத்தகம் கிடைக்கும் வழி

கவிதைத் தொகுப்புகள் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன; சில ஆண்டுகளில் கிடைக்காமல் போகின்றன. கிடைக்காத நூலைப் பரிந்துரைப்பது பசித்தவரிடம் நேற்றைய விருந்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒப்பாகும். சொல்வதற்கு முன் அது அச்சில் இருக்கிறதா என்று பதிப்பகத்தில் கேட்டுவிடுங்கள். காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. பாரதி, பாரதிதாசன், கவிமணி ஆகியோரின் படைப்புகள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சங்க நூல்களின் மூலத்துக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் இணையதளமும் உள்ளன. குறுந்தொகைக்கு உ.வே. சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பைப் போலப் பதவுரையும் விளக்கமும் கொண்ட ஒன்றையே தேர்ந்தெடுங்கள். வெறும் மூலத்தோடு புதியவரைத் தனியே விட வேண்டாம்.

கேரளப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஊர் வாயனசாலை பெரிய துணை. பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பயனாக ஊர்தோறும் வாயனசாலை இருக்கிறது. ஆனால் எல்லையோரத்து வாயனசாலைகள் பலவற்றில் தமிழ் அலமாரி மெலிந்தே இருக்கிறது. உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து, வேண்டிய தொகுப்புகளின் பெயர், கவிஞர், பதிப்பகம், விலை ஆகியவற்றோடு எழுத்தில் கேட்டுக்கொண்டால் அடுத்த கொள்முதலில் சேர்க்க வழியுண்டு. வாழும் கவிஞரின் தொகுப்பை முழுவதுமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு கவிதையைக் கையால் எழுதிக் கொடுப்பது வாசகரை உருவாக்குகிறது. முழுப் புத்தகத்தையும் நகலெடுப்பது மறுபதிப்பை இல்லாமலாக்குகிறது.

கொடுத்த பிறகு

"வாசித்தீர்களா?" என்று கேட்காதீர்கள். அது வீட்டுப்பாடத்தைக் கேட்பது போலாகும். சந்திக்கும்போது அந்தத் தொகுப்பிலிருந்து உங்களுக்கு அன்று நினைவுக்கு வந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். அவர் வாசித்திருந்தால் தமக்குப் பிடித்த வரியை அவரே சொல்வார். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்பவரிடம் கவிதைக்காக வாதாடவும் வேண்டாம். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், அடுத்து எதைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும்.

நான் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் யாருக்கு எந்தக் கவிதையைக் கொடுத்தேன் என்றும், வலப்பக்கத்தில் அவர் எனக்கு எதைச் சொன்னார் என்றும் தேதியோடு எழுதுகிறேன். நீங்களும் அப்படி ஒன்றைத் தொடங்குங்கள். வலப்பக்கம் நெடுநாள் வெறுமையாக இருந்தால் நீங்கள் கேட்பதை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். நெய்யாற்றின்கரைப் பெண்ணின் பெயருக்கு எதிரே இரண்டு ஆண்டுகள் ஒன்றும் இல்லாமல் இருந்தது. சென்ற கர்க்கடக (ஆடி) மாதத்தில், மலையாள எழுத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்த குறுந்தொகைப் பாடலை அவர் தம் கையால் தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தின் அடியில், நான் அதுவரை வாசித்திராத ஒரு கவிஞரின் பெயரும் ஒரு தொகுப்பின் பெயரும் இருந்தன.